வெயில் தின்ற சிவப்பு

குடிநீர்த் துறை அலுவலகத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இடைவெளியக்கா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். எந்தக் காகிதத்தை அவள் முன்னால் நீட்டினாலும், "இதுல மூச்சு விட இடம் எங்க இருக்கு? ரெண்டு வரிக்கு நடுவுல இடைவெளி விடுங்க," என்று பிடித்துக்கொள்வாள். விடுப்புக் கடிதத்தைக்கூட விட்டுவைக்க மாட்டாள். ஒருமுறை பொறியாளர் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கியவள் வாழ்த்துச் சொல்ல வேண்டாமா? "என்ன சார் இது, மாப்பிள்ளை பேரை விட மண்டபம் பேர் பெரிசா இருக்கு? மண்டபத்துக்கா பொண்ணு குடுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டாள். மனிதர் நல்லவர், சிரித்து வைத்தார்.

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல். ஆனால் வேலையில் கெட்டிக்காரி. முன்பெல்லாம் எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்பதை ஊர் முழுக்கச் சேர்த்து ஒரே காகிதத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி அடித்து ஒட்டுவார்கள். அதைப் படித்து முடிப்பதற்குள் தண்ணீர் வந்து நின்றுவிடும். அக்கா வந்த பிறகு ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தனிச் சீட்டு அடிக்க வைத்தாள். கிழமை பெரிதாக, மணி அதைவிடப் பெரிதாக, வேறு ஒரு மண்ணும் இல்லை. பெண்கள் அதை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டார்கள். புகார்ப் படிவத்தில் பதினேழு கேள்விகள் இருந்ததை ஐந்தாகக் குறைத்தாள். அதற்காக மூன்று மாதம் மேலிடத்தோடு மல்லுக்கு நின்றாள்.

"படிக்கிறவனுக்குப் புரியலைன்னா எழுதினவன் மேலதான் தப்பு," என்பது அவள் கட்சி. வீட்டிலும் அதே பேச்சுதான். அவள் கணவர் கடைத்தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். "நான் கண்ணுக்குக் கண்ணாடி போடறேன், இவ எழுத்துக்குப் போடறா. இவ பிழைப்பு நல்லா நடந்தா என் பிழைப்பு படுத்துடும்," என்று வருகிறவர்களிடம் சொல்லுவார். அதில் பெருமைதான் அதிகம். பிள்ளைகள் இல்லாத வீடு. இருவருக்கும் ஒருவர் வேலையை இன்னொருவர் கிண்டல் செய்வதில் பொழுது நன்றாகவே போனது.

அப்படி இருக்கும்போதுதான் அடிபம்பு விவகாரம் வந்தது. ஊரின் தென்பக்கத்தில் நாற்பது அடிபம்புகளின் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்ததில் நைட்ரேட் என்கிற ஒரு உப்பு அளவுக்கு மீறி இருந்தது. பெரியவர்களை உடனே ஒன்றும் செய்யாது. பால்குடிக் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் ரத்தம் காற்றைப் பிடிக்காமல் உடம்பு நீலமாகிவிடும். காய்ச்சினாலும் அந்த உப்பு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். பம்புகளைப் பிடுங்கிவிடலாமா என்று பேசினார்கள். பிடுங்கினால் குளிக்க, துவைக்க ஜனங்கள் எங்கே போவார்கள்? அதனால் குடிதண்ணீருக்கு லாரி, பம்புக்கு எச்சரிக்கைப் பலகை என்று முடிவானது. பலகை வேலை அக்காவிடம் வந்தது.

அவள் அதற்காக இருபது நாள் உழைத்தாள். அந்தப் பக்கம் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது என்பதால் படம்தான் பேச வேண்டும் என்றாள். பம்பின் வாய், அதன் கீழே ஒரு டம்ளர், டம்ளரைப் பிடித்த ஒரு கை. எல்லாம் தடித்த கறுப்புக் கோடு. அதற்கு மேல் மூலைக்கு மூலை சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. கீழே சிவப்பில் பெரிதாக 'குடிக்காதீர்கள்'. அதற்கும் கீழே கறுப்பில் சிறிதாக 'குளிக்க, துவைக்க மட்டும்'. முக்கியமானது சிவப்பு, மற்றது கறுப்பு. படத்தை நடைவழிக் கோடியில் மாட்டி முப்பதடி தள்ளி நின்று பார்த்தாள். கூட்டிப் பெருக்க வருகிற அம்மாவை நிறுத்தி, "இது என்ன சொல்லுது?" என்று கேட்டாள். "இந்தத் தண்ணியைக் குடிக்காதேங்குது," என்றாள் அந்த அம்மா. கணவரின் கடையிலிருந்து கனத்த கண்ணாடிகளை வாங்கி வந்து போட்டுக்கொண்டு, மங்கலாகப் பார்த்தாலும் தெரிகிறதா என்று சோதித்தாள். தெரிந்தது.

அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் அச்சுக்கூடம். அதைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி, தகரத்தில் முதல் பலகையை அடித்துக் காட்டும்போது தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, நம்மகிட்ட இருக்கற இந்தச் சிவப்பு வெயில்ல நிக்காது. கறுப்புதான் நிக்கும். பெருக்கலைச் சுத்திக் கறுப்புல ஒரு கரை கட்டிடுவோமா?"

"கரை கட்டினா புடவையாயிடும்ணே. எனக்குப் போர்டு வேணும்."

"விளையாட்டுக்குச் சொல்லலைம்மா."

"நானும்தான். அடியில கறுப்புப் படம், மேல கறுப்புக் கரை. ஒண்ணோட ஒண்ணு குழம்பிப் போயிடும். சிவப்பு தனியா நின்னாதான் கண்ணுல அறையும்."

மேஸ்திரி இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் அவள் சொன்னபடியே நாற்பது பலகை அடித்தார்கள். பம்புகளைப் பழுது பார்க்கும் பிட்டர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நான்கே நாளில் எல்லாவற்றையும் மாட்டினார். தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு விஷயத்தைச் சொன்னார்கள். ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள், லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். பொறியாளர் அக்காவை எல்லார் முன்னாலும் பாராட்டினார். அவள் அன்றைக்கு முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

பலகை மாட்டிய ஐந்தாவது மாதம் ஒரு குழந்தை இறந்தது. மூன்று மாதக் குழந்தை. தாய்க்குப் பால் சுரக்காததால் பால்மாவு கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோதே உதடு நீலமாகியிருந்ததாம். குழந்தையின் ரத்தத்தையும் பால் புட்டியையும் சோதித்த டாக்டர், எந்தத் தண்ணீர் என்று கேட்டு, நேரே துறைக்கு எழுதிவிட்டார்.

அலுவலகத்தில் ஆளாளுக்கு ஒரு சப்பைக்கட்டு. விசாரணையில் முதல் கேள்வியே, அந்தப் பம்பில் பலகை இருந்ததா என்பதுதான். குடும்பம் எந்த எச்சரிக்கையும் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தது. பலகையை மாட்டியவர் பிட்டர். ஆக, மாட்டவில்லை அல்லது மாட்டிவிட்டுத் தகரத்துக்காகக் கழற்றிவிட்டார் என்று பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டு, வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். நேரில் போய்ப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அக்காவுக்குப் பிட்டர் மேல் அப்படி ஒரு ஆத்திரம். "அவ்வளவு பாடுபட்டு வரைஞ்சு குடுத்தேன், ஒழுங்கா மாட்ட வலிக்குதா இவனுக்கு?" என்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் பொரிந்து தள்ளினாள். மறுநாள் காலை விடுப்புப் போட்டுவிட்டு, தானே போய் அந்தப் பம்பருகே வெறும் கம்பத்தைப் பார்த்து எழுதிக் கொடுப்பது என்று பஸ் ஏறினாள்.

கம்பம் வெறுமனே இல்லை. பலகை இருந்தது. நான்கு மூலையிலும் போல்ட் முறுக்கி, கோணாமல் மாணாமல், அவள் சொன்ன உயரத்தில் இருந்தது.

அதில் சிவப்பு இல்லை.

அவள் கிட்டே போனாள். மூக்கு தகரத்தில் இடிக்கும் அளவுக்குப் போனாள். பெருக்கல் குறி இருந்த இடத்தில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஏதோ கறை மாதிரி தெரிந்தது. 'குடிக்காதீர்கள்' போயே போய்விட்டது. கறுப்பு மட்டும் நேற்று அடித்த மாதிரி அப்படியே பளிச்சென்று இருந்தது. பம்பின் வாய், டம்ளர், டம்ளரைப் பிடித்த கை. அடியில் 'குளிக்க, துவைக்க மட்டும்' என்பதும் பொடி எழுத்தில் இருந்தது, கிட்டே வந்து படிக்கத் தெரிந்தவர்களுக்கு. அவள் பின்னோக்கி நடந்து முப்பதடி தள்ளி நின்று பார்த்தாள். இங்கே வந்து குடி என்று பலகை கூப்பிட்டது. ஒரு குழப்பமும் இல்லாமல் கூப்பிட்டது.

அவள் அங்கேயே சாக்கடைத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். அலுவலகத்தில் அவள் அறைக்கு வெயிலே வராது. அங்கே சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் பலகை இன்றைக்கும் ரத்தச் சிவப்பாக இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துப் பூரித்துப் போயிருக்கிறாள். மேஸ்திரி வாய்விட்டுச் சொன்னாரே, தலையைச் சொறிந்துகொண்டு, தங்கச்சி என்று கூப்பிட்டுச் சொன்னாரே என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை.

பக்கத்துத் தெருவிலும் அதற்கு அடுத்த தெருவிலும் போய்ப் பார்த்தாள். எல்லாப் பலகையும் அதே கதி. நேரே அலுவலகம் வந்து பொறியாளரின் அறைக்குள் நுழைந்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "உட்காருங்கம்மா. வெளியில யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார். இப்பவே நாப்பது போர்டுலயும் கறுப்புல பெருக்கல் போடணும்."

"விசாரணை முடியற வரைக்கும் எதையும் தொடக்கூடாது. தொட்டா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"ஒத்துக்கத்தானே சார் வேணும்?"

"படம் யாரு வரைஞ்சான்னு யாருமே கேக்கலைம்மா. கேக்காததுக்கு நீங்க ஏன் பதில் சொல்றீங்க? பத்து நாள் பொறுங்க. பிட்டருக்கும் பெரிசா ஒண்ணும் ஆகாது. ரெண்டு மாசம் வீட்டுல இருப்பான்."

"பத்து நாள்ல இன்னொரு குழந்தைக்கு யாராவது மாவு கரைப்பாங்க சார்."

பொறியாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு நாற்காலிதான் கண்ணில் தெரிந்தது. அக்கா தன் அறைக்குப் போய் ஒரு காகிதம் எடுத்தாள். 'பலகை மாட்டப்பட்டிருந்தது. பிட்டர் மேல் குற்றம் இல்லை. வெயிலில் நிற்காத நிறத்தில் எச்சரிக்கையைப் போட்டது நான். அச்சக மேஸ்திரி எச்சரித்தும் கேட்கவில்லை.' கையெழுத்துப் போட்டுத் தபால் பிரிவில் பதிந்து முத்திரை வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீ என்ன வேணும்னா செஞ்சே?" என்றார்.

"சமாதானம் சொல்லாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மறுநாள் காலை கறுப்புப் பெயின்ட் டின்னும் தட்டைப் பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு பிட்டரின் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் உட்கார்ந்து வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அவள் சொல்லி முடிக்கும்வரை எண்ணெய் விடுவதை நிறுத்தவில்லை.

"போர்டை நான் களவாண்டுட்டேன்னு என் பொண்டாட்டியே நம்பிட்டாக்கா," என்றார் கடைசியில்.

"நானும்தான் நம்பினேன். மன்னிச்சுக்கன்னு கேக்க எனக்கு வாய் வரலை."

அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "ஏறுங்க. எந்தப் பம்புல ஆரம்பிக்கறது?"

"குழந்தை செத்த பம்புல," என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல்லே தன்னைக் குத்த, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வெயில் ஏறியிருந்தது. பிட்டர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, அக்கா ஏறி நின்று டம்ளரின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பெயின்ட் வழிந்தது. கோணல் மாணலாக வந்தது. இரண்டாவது கோட்டைப் பாதி இழுக்கும்போது யாரோ பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண். இடுப்பில் காலிக் குடம்.

பிட்டர் ஸ்டூலைத் தட்டி, "இவங்கதான்க்கா. அந்தக் குழந்தையோட அம்மா," என்று மெதுவாகச் சொன்னார்.

அக்கா இறங்கினாள்.

"அது என்ன போடறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இந்தத் தண்ணியைக் குடிக்கக்கூடாதும்மா. அதுக்குக் குறி."

"அதைத்தான் ஆஸ்பத்திரியிலயும் சொன்னாங்க." அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாங்க இந்தத் தெருவுக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. லாரி எதுக்கு வருதுன்னு யாரும் சொல்லலை. எங்க வீட்டு வாசல்லயே ஒரு கிணத்துத் தண்ணிக் குழாய் இருக்கு. அதுல போர்டு இல்ல. பெரியவங்களுக்கு அதுல புடிச்சுப்போம். பாப்பாவுக்கு மட்டும் நல்ல தண்ணி வேணும்னு இங்க வருவேன். தினமும் ரெண்டு தடவை நடப்பேன்."

அக்காவின் கையிலிருந்த பிரஷ்ஷிலிருந்து பெயின்ட் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை, நீங்கள் ஏன் பதில் சொல்கிறீர்கள் என்று பொறியாளர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. இங்கேயும் யாரும் கேட்கவில்லை. பேசாமல் ஸ்டூலில் ஏறி மீதிக் கோட்டை இழுத்துவிட்டுப் போய்விடலாம்.

"இந்தப் படத்தை வரைஞ்சது நான்தான்மா," என்றாள்.

அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"எனக்கு எழுத்துத் தெரியாது," என்றாள். "எந்தப் போர்டைப் பார்த்தாலும் யார்கிட்டயாவது கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். இது ஒண்ணுதான் யாரையும் கேக்காம எனக்கே புரிஞ்சுது."

குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தெருமுனையில் லாரிக்காக நின்ற வரிசையை நோக்கி நடந்தாள். பிட்டர் ஸ்டூலை மறுபடியும் பிடித்துக்கொண்டார். அக்காவால் ஏற முடியவில்லை.