அன்று எழுந்து போகாத பரமலிங்கம் ஐயா

பரமலிங்கம் ஐயா காலமான செய்தியை அவருடைய மகள்தான் தொலைபேசியில் சொன்னார். "அப்பா விடியப்புறம் நித்திரையிலேயே போயிட்டார், அக்கா. உங்களுக்கு அறிவிக்கச்சொல்லி முந்தியே சொல்லி வைச்சிருந்தவர்." அப்போது நான் திருகோணமலைச் சந்தையில் மீன் வாங்க நின்றேன். வாங்காமலே வீடு திரும்பினேன்.

உங்களுக்கெல்லாம் அவரை நம் மாவட்டத்தின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினராகத் தெரியும். எனக்கு அவர் முதலில் ஒரு குரல். யுத்த காலத்தில் நாடாளுமன்றத்தில் தமிழ்ப் பேச்சுகளை உடனுக்குடன் சிங்களத்தில் சொல்லும் உரைபெயர்ப்பாளராக இருந்தேன். ஐயாவுக்கு நல்ல ஆங்கிலம் தெரியும். ஆனாலும் வரி, இறக்குமதி, கடன் என்று எதைப் பேசினாலும் தமிழில்தான் பேசுவார். ஒருநாள் சிற்றுண்டிச்சாலையில் என் கதிரைக்கு அருகே வந்து நின்றார். "தங்கச்சி, நான் கோவமாச் சொன்னா நீங்களும் கோவமாத்தான் சொல்லவேணும். சீனி போட்டுக் குடுத்தா அவைக்கு உறைக்காது."

ஓர் ஆண்டு வரவு செலவுத் திட்ட விவாதத்தில் எதிர்க்கட்சிகள் எல்லாம் வெளிநடப்புச் செய்வதென்று முடிவு. அவருடைய கட்சியும் உடன்பட்டிருந்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். ஐயா போகவில்லை. தன் முறை வந்ததும் வெறும் கதிரைகளுக்கு நடுவே எழுந்து நின்றார்.

வெடிமருந்துக்குப் பயன்படும் என்று யூரியா உரத்தை அரசு நம் பக்கம் வரவிடாத காலம் அது. தோப்பூர் வயல்களில் நெற்பயிர் மஞ்சளித்து நின்றது. அரிசித் தட்டுப்பாட்டுக்கு இறக்குமதிதான் வழி என்றது வரவு செலவுத் திட்டம்.

"பிறநாட்டு அரிசி வாங்க அரசிடம் டொலர் இருக்கிறது. தோப்பூருக்கு ஒரு லொறி உரம் போக அனுமதி இல்லை. இது என்ன பொருளாதாரம்?" என்று ஐயா கேட்டார்.

"அந்த உரம் யாருடைய கைக்குப் போகும் என்பதற்கு உறுப்பினர் பொறுப்பேற்பாரா?" என்றார் அமைச்சர்.

ஐயா சற்று யோசித்தார். "என்னால் ஏலாது. உங்கள் அதிகாரிகளால் முடியும். அரசாங்கத்தின் கமநல நிலையத்தில் வைத்து, வயலின் அளவு பார்த்து அவர்களே கொடுக்கட்டும். எங்கள் விவசாயிகள் வரிசையில் நிற்பார்கள்."

அமைச்சர் அதற்கு இணங்கினார். உரம் வந்தது, ஆனால் பிந்தி வந்தது. பாதி வயல்தான் தேறியது. தோப்பூர்க் கூட்டத்தில் ஒரு முஸ்லிம் விவசாயி எழுந்து, "உரம் பிந்திப்போச்சே ஐயா" என்றாராம். "ஓம், பிந்திப்போச்சு" என்று மட்டும் சொன்னாராம் இவர்.

உரிமையை உர மூட்டைக்கு விற்றவர் என்று சொந்தக் கட்சியே மேடையில் பேசியது. அடுத்த தேர்தலில் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. உறவினர் சிலர் அவர் வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினார்கள்.

அதன்பிறகு லீவில் ஊருக்கு வந்தபோது அவரைப் பஸ் நிலையத்தில் கண்டேன். "அண்டைக்கு நீங்களும் மற்றவையோட வெளியில போயிருக்கலாமே ஐயா?" என்று கேட்டேன்.

"போயிருக்கலாம். போயிருந்தா பேப்பரில படம் வந்திருக்கும், உரம் வந்திராது." பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "ஆனா வெளியில போனவையின்ர கதையிலயும் ஞாயம் இருக்கு, தங்கச்சி. நான் இருந்து பேசினதைக் காட்டித்தானே, இஞ்ச எல்லாம் ஒழுங்கா நடக்குதெண்டு அரசாங்கம் வெளிநாடுகளுக்குச் சொன்னது. அதையும் மறைக்க ஏலாது."

அந்தச் சபையில் துணிந்து பேசிய பலருடைய குரலை நான் சிங்களத்தில் சொல்லியிருக்கிறேன். தன்னை ஒதுக்கியவர்களின் நியாயத்தைத் தன் வாயாலேயே எடுத்துச் சொன்னவர் இவர் ஒருவர்தான். யாரையாவது குறைசொல்ல நான் வாயெடுக்கும்போதெல்லாம் அந்தப் பஸ் நிலையப் பேச்சு என்னைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான்.