டிபன் பாக்ஸில் ஒரு காக்கி முடிச்சு

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு ஆடி மாதம் நடந்தது இது. அப்போது நாங்கள் அருவங்காட்டில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. எனக்கு ஊட்டியில் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியர் வேலை. அது போதாதென்று பி.எச்டி. வேறு. யாரும் கேட்காமல் நானே இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டது.

மலையில் ஆடி எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கீழே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். துவைத்த துணி காயவே காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். செருப்பில் பூஞ்சை பிடிக்கும். கொஞ்ச நாள் போனால் நமக்கும் பிடித்துவிடுமோ என்று தோன்றும்.

என் ஆராய்ச்சி என்ன என்று கேட்பவர்கள் பாதியிலேயே கொட்டாவி விட்டுவிடுவார்கள். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். டைட்டானியம் கலந்த ஒரு திரவத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் சொட்டு விட்டு, துண்டை வேகமாகச் சுழற்றினால் திரவம் மெல்லிய படலமாகப் பரவும். அதை உலையில் வைத்துச் சுட்டால், கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த ஆக்சைடு படலம் கிடைக்கும். அதே திரவத்தைக் காயவைத்துச் சுட்டால் வெள்ளைப் பொடி. அந்தப் பொடியில் எவ்வளவு துளை இருக்கிறது என்று கோயம்புத்தூரில் ஒரு ஆய்வகத்தில் மெஷினில் வைத்து அளந்துகொண்டு வர வேண்டும். என் தீசிஸே அந்த அளவை நம்பித்தான் நின்றது. துளை நிறைந்த பொருளில் ஒரு தொல்லை உண்டு. பக்கத்துக் காற்றில் என்ன இருந்தாலும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஊட்டிக் காற்றில் என்ன இருக்கிறது? மஞ்சுதான், மூடுபனி. ஜன்னலைச் சாத்தினாலும் இடுக்கு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் சொட்டு விட்டுச் சுழற்றி முடிப்பதற்குள் படலம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துப் போகும். சில நாள் வெளுக்காது, உலையில் வெடித்து உரியும். இரண்டும் இல்லாத நாளில் கரன்ட் போய்விடும். கழுவு, காயவை, சுழற்று, சுடு, தூக்கிப் போடு, மறுபடி கழுவு. வருடக்கணக்கில் இதுதான் பிழைப்பு. பதிவுக் காலத்தை நீட்டித்து நீட்டித்து, இனி நீட்டிக்க முடியாது என்ற இடத்துக்கு வந்திருந்தேன். அந்த மாதம் முடிவதற்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் அத்தனையும் வீண். அப்படிப்பட்ட சமயத்தில்தான், ஏதோ ஒரு வெயில் அடித்த வாரத்தில், ஒரு செட் நன்றாக வந்தது. கோயம்புத்தூரில் மெஷினுக்கு ஒரு நாள் காலை நேரமும் கிடைத்தது. அதை விட்டால் அடுத்த நேரம் அடுத்த மாதம்தான்.

அதுவரை பொடியையும் படலங்களையும் ஈரம் படாமல் வைத்திருக்க வேண்டும். மழைக்குக் கல்லூரிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். லேபில் விட்டு வர மனசில்லை. எங்கள் மலையில் வீட்டுக்கு வீடு ஒரு பழக்கம் உண்டு. துணி பூக்காமல் இருக்க, பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரிய விட்டிருப்போம். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் அதைவிடக் காய்ந்த இடம் கிடையாது. ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸில், மருந்து டப்பாக்களிலிருந்து சேர்த்து வைத்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை அடியில் பரப்பி, மேலே கண்ணாடித் துண்டுகளையும் பொடிக் குப்பியையும் வைத்தேன். சூடு உள்ளே போகட்டும் என்று குப்பியின் வாயை வெறும் துணியால் கட்டி, பாக்ஸ் மூடியையும் சாய்த்து வைத்தேன்.

பீரோவில் அந்துருண்டைகள் கிடந்தன. முந்தைய வருடம் வீட்டுக்காரரின் கல்யாணக் கோட்டைப் பூச்சி அரித்ததிலிருந்து, தன் பழைய காக்கி யூனிஃபார்ம் துணியில் அந்துருண்டையை முடிந்து அடுக்குக்கு அடுக்கு போட்டு வைப்பார். அந்த வாசனை என் பொடிக்குள் போய்விடக் கூடாதே என்று எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே வைத்துவிட்டேன். ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது என்ற அலுப்புதான். என் ஆராய்ச்சியைப் பற்றி அவர் என்றாவது வாய் திறந்தால், "இன்னும் எத்தன வருசத்துக்கு இந்தக் கண்ணாடியவே தொடச்சுட்டு இருக்கப் போற?" என்பதோடு சரி. சண்டை கிடையாது. சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து படுப்பார், நான் பேப்பர் திருத்திவிட்டுப் படுப்பேன். இவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் எப்போதோ முடிவு கட்டிவிட்டேன்.

கோயம்புத்தூர் போக வேண்டிய அன்று எனக்குச் சளி பிடித்து மூக்கு முழுக்க அடைத்திருந்தது. குளித்துவிட்டு வருவதற்குள் டிபன் பாக்ஸை மூடி, ரப்பர் பேண்ட் போட்டு, வீட்டுக்காரரே பையில் வைத்திருந்தார். நேரமாகிவிட்டதால் நானும் திறந்து பார்க்கவில்லை. குன்னூரில் பஸ் பிடித்து, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வளைவுக்கு வளைவு தூக்கம் தள்ளியது. பர்லியார் தாண்டியதும் காது அடைத்தது. மேட்டுப்பாளையத்தில் வெயிலைப் பார்த்தபோதுகூட சந்தோஷமாக இல்லை. இது ஒன்று முடிந்தால் போதும் என்று மட்டும் இருந்தது.

ஆய்வகத்தில் மெஷினைப் பார்த்துக்கொள்பவர் பாக்ஸைத் திறந்தார். திறந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ஏனுங்க மேடம், இதென்ன பீரோ வாசம் அடிக்குதுங்க?"

எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. மூக்கு இருந்தால்தானே. அவர் கண்ணாடித் துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு, அடியில் இருந்த பொட்டலங்களை விலக்கினார். பொட்டலங்களுக்கு நடுவே, காக்கித் துணியில் கட்டிய சின்ன முடிச்சு ஒன்று இருந்தது.

அந்தக் காக்கியை எனக்குத் தெரியாதா? எத்தனை வருடம் துவைத்துப் போட்ட துணி.

மெஷின்காரர் கோபப்படவில்லை. இந்தப் பொடியை இப்படியே மெஷினில் வைத்துச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் அந்துருண்டை எல்லாம் மெஷினின் பம்ப்புக்குள் போய் அதைக் கெடுத்துவிடும், வைக்க முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். அங்கேயே இருந்த உலையில் போட்டு மறுபடி சுட்டால் அது ஓடிப்போய்விடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் சுட்டு ஆற மத்தியானம் ஆகிவிடும். என் நேரம் காலையோடு முடிந்தது. மத்தியான நேரம் வேறு ஒருவருக்கு.

வராந்தாவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. முடிச்சைப் போட்ட மனுஷனைத் திட்டலாம் என்று பார்த்தால், என்னவென்று திட்டுவது? எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகக்கூட உடம்பில் சத்தில்லை. முடிந்தது, இனி கண்ணாடி கழுவ வேண்டாம் என்று ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் பயமாக இருக்கிறது.

பக்கத்தில் ஒரு பெண் மடியில் தன் குப்பிகளோடு உட்கார்ந்திருந்தாள். ஊர் கோபிப் பக்கம், அவளும் ஆராய்ச்சி மாணவி. மத்தியான நேரம் அவளுடையது. உள்ளே நடந்ததை எல்லாம் கேட்டிருக்கிறாள். என்னிடம் ஒன்றும் விசாரிக்காமல், "அக்கா, உங்க நேரத்துல என்னோடத போட்டுக்கறனுங்க. நீங்க சுட்டு எடுத்துட்டு வந்து மத்தியானம் போட்டுக்கோங்க" என்றாள்.

காலை நேரம் குறைவு. அவள் கொண்டுவந்ததில் பாதிதான் அதற்குள் முடியும். மீதிக்கு அவள் இன்னொரு மாதம் காத்திருக்க வேண்டும். உன் கைடு திட்டமாட்டாரா என்று கேட்டேன்.

"திட்டுவாருங்க. முழுசா முடிச்சுட்டுப் போனாலும் திட்டத்தான் போறாரு" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் அழுகை வந்தது. அவள் பார்க்காததுபோல் குப்பிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பொடியை உலையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் அந்தக் காக்கி முடிச்சோடு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு இறுக்கமாக முடிந்திருந்தார் என்றால், என்னால் அவிழ்க்கவே முடியவில்லை. மத்தியானம் பொடி சுத்தமாகி வந்தது. மெஷினில் வைத்தார்கள். சாயங்காலம் கையில் கிடைத்த அளவு, நான் வருடக்கணக்கில் எதிர்பார்த்தபடியே இருந்தது. துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். எங்கே சாய்ந்து தூங்கலாம் என்றுதான் தேடினேன்.

வீடு வந்து சேரும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் வெந்நீர் போட்டு வைத்திருந்தார். நான் செருப்பைக் கழற்றும்வரை காத்திருந்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"ரிசல்ட் வந்துச்சா?"

"வந்துச்சுங்க. நல்லா வந்துச்சு."

"பூச்சிகீச்சி ஒண்ணும் அரிக்கலையில்ல?"

அரிக்கவில்லை என்றேன்.

"பீரோல இருந்த உருண்டையெல்லாம் எங்கயோ எடுத்துப் போட்டுட்ட. மறந்துட்டயாட்டம் இருக்குதுன்னு நாந்தான் முடிஞ்சு உள்ள போட்டேன். இத்தன வருசம் பாடுபட்டுட்டு, கடைசியில பூச்சிக்கா குடுக்கறது?"

அந்த இடத்தில் நின்று, ஆக்சைடைப் பூச்சி அரிக்காது என்று விளக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நல்லவேளை போட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, குளிக்கப் போனேன்.

தீசிஸ் கொடுத்தேன், பட்டமும் வந்தது. இன்னும் அதே கல்லூரியில் அதே தற்காலிக வேலைதான். அலுப்பும் போகவில்லை. ஆனால் என் ஆராய்ச்சி என்ன என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்து முழுதாகச் சொன்னேன். அந்துருண்டை விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். பாதியில் கொட்டாவி விட்டார், ஆனால் எழுந்து போகவில்லை. அந்த முடிச்சு அவிழாமல் இன்றும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. இவருக்கு என்ன அக்கறை என்று மனசு சலித்துக்கொள்ளும் நாட்களில் டிராயரைத் திறக்கிறேன், என் உழைப்பைப் பூச்சிக்குக்கூட விட்டுக்கொடுக்காத ஒரு ஆளோடுதான் இத்தனை காலம் பேசாமல் வாழ்ந்திருக்கிறேன் என்பது அந்த வாசனையில் ஞாபகம் வருகிறது.