நிரந்தர வீடு எங்கே என்று கேட்டார்கள்

இங்கிலாந்தில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றதும், பிறந்து வளர்ந்த கோலார் தங்கவயலுக்கே, கே.ஜி.எஃப்.புக்கே, திரும்பி வந்துவிட்டேன். நந்திதுர்க் சுரங்கப் பகுதியில், அப்பா சுரங்கத்தில் இறங்கிய காலத்தில் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு ஒன்றில் அக்கா தனியாக இருந்தாள். இரண்டு பேருமே புருஷனைப் பறிகொடுத்தவர்கள். எங்கள் சண்டைக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை.

என் பென்ஷன் அங்கிருந்துதான் வரவேண்டும். கிளம்பும்போதே அந்த நாட்டு வரி ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். மிச்சத்தில் மருந்து மாத்திரையோடு இரண்டு பேர் காலம் தள்ள முடியாது. "பேசாம இங்கயே வந்துடும்மா" என்று அங்கே இருக்கும் மகள் போன் பண்ணும்போதெல்லாம் சொன்னாள். நான் போனால் அக்கா மறுபடியும் தனி.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஆடிட்டர் பெண்ணைப் பார்த்தேன். "ஆன்ட்டி, ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒப்பந்தம் இருக்கு. இந்த மாதிரி பென்ஷனுக்கு நீங்க வாழற நாட்டுலதான் வரி. இங்க வாழறீங்கன்னு காட்டினா அங்க பிடிக்கமாட்டாங்க" என்றாள். நம்ம வருமான வரி ஆபீஸில் வசிப்பிடச் சான்றிதழும் வாங்கித் தந்தாள். அங்கே அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தை, படித்தவள் என்ற திமிரில், நானே நிரப்பி அனுப்பினேன்.

திரும்பி வந்துவிட்டது. சான்றிதழில் ஒரு ஊர், விண்ணப்பத்தில் வேறு ஊர். நிஜமாக எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். 'நிரந்தர வீடு' என்ற இடத்தில் தமிழ்நாட்டில், குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தின் பெயரை எழுதித் தொலைத்திருந்தேன்.

"அங்க யாரு இருக்காங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள் ஆடிட்டர் பெண்.

"யாரும் இல்லம்மா. குலதெய்வம்தான்."

அவள் சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் ஊர் எதுன்னா அப்படித்தான் சொல்வாங்க" என்றாள்.

இங்கே எல்லோருக்கும் இதே பழக்கம். தாத்தா காலத்தில் கிளம்பி வந்த ஊர்தான் ஊர். இது பிழைக்க வந்த இடம். அப்பா சுவரில் ஒரு ஆணி அடிக்கவிட்டதில்லை. "கம்பெனி ஊடு. காலி பண்ணச் சொன்னா பதில் சொல்லணும்" என்பார். கம்பெனியே மூடிப் போயிற்று. அப்பாவும் போய்விட்டார். அவர் படம்கூட இன்னும் பீரோ மேல்தான் சாய்ந்து நின்றது.

அக்காவிடம் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"அங்க நமக்கு இன்னாடி கீது? நீ பொறந்தது இங்க. அப்பா, அம்மாவ பொதச்சது இங்க. ஊர் பேர எழுதச் சொன்னா சாமி பேர எழுதிட்டு வந்து நிக்கிற."

கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. மறுநாள் புது விண்ணப்பத்தில் எங்கள் லைன், நந்திதுர்க், கே.ஜி.எஃப். என்று எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் கூசியது, யார் வீட்டையோ நம்முடையது என்று சொல்வதுபோல.

சில மாதங்களில் பதில் வந்தது. பென்ஷன் முழுசாக வரும்; இதுவரை பிடித்ததும் திரும்பி வரும். மகளிடம் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு, சந்தோஷத்தில் அக்காவைக் கட்டிக்கொண்டேன். "மூச்சு முட்டுது, வுடுடி" என்று விலக்கினாள். அப்புறம் பீரோவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கடைக்குப் போறப்ப ஒரு ஆணி வாங்கினு வா" என்றாள்.