வெள்ளைக் கண்மணி அமிர்தலிங்கம்

கீழ்வேளூர் கடைத்தெருவில் பேனர் வடிவமைக்கிற மதிவதனிக்குச் செத்தவர்களின் கண்ணைப் பார்த்தால் ஆகாது. காதுகுத்து, கல்யாணமென்றால் அட்டகாசம் பண்ணுவாள். கண்ணீர் அஞ்சலி வந்தால் மட்டும் திரையில் அந்தக் கண்களின்மேல் ஒரு கட்டத்தை ஒட்டிவைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்பாள். இப்படியே ஊரில் பாதிப் பேரை வழியனுப்பிவிட்டாள்.

அன்றைக்கு வந்தவள் ரெங்கம்மாள். புருஷன் அமிர்தலிங்கத்துக்கு மறுநாள் காலை படத்திறப்பு. கேமராவைக் கண்டால் வாய்க்காலில் குதித்து அக்கரையில் ஏறுகிற மனிதர் அவர். கல்யாண ஆல்பத்தில்கூட முதுகுதான் இருக்கும். கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் நின்றபோது சுவரொட்டிக்காக அச்சகத்தில் எடுத்ததுதான் ஒரே படம். அது கீறல் விழுந்த ஒரு சி.டி.யில் இருந்தது.

"இது போச்சுன்னா அவருக்கு மூஞ்சியே கிடையாதும்மா."

சி.டி. கரகரவென்று சுற்றிப் படத்தைக் கணினிக்குக் கொடுத்தது. அதோடு சரி, மறுபடி ஓடவில்லை. கோப்போ வழக்கமில்லாத வகை. புரோகிராம் வெகுநேரம் திணறித்தான் திறந்தது.

மதிவதனிக்குக் கத்தக்கூட நாக்கு எழவில்லை. வெளுத்த தலை. நீலம் பாரித்த தோல். கன்னங்கரேலென்று பற்கள். கறுத்த விழியில் வெள்ளைக் கண்மணி, அவளையே பார்த்தது. அவள் விட்ட மூச்சில் கடையில் தொங்கிய மூன்று பேனர்களும் ஆடின. நம்பாவிட்டால் போங்கள், இரண்டு பேனராவது ஆடியிருக்கும்.

கரண்ட் எப்போது போகுமென்று தெரியாத ஊர். எதைத் திறந்தாலும் உடனே சேமிப்பது அவள் விரல்களின் பழக்கம். அவை அதையே செய்தன. இப்போது அசல் கோப்பே பேயாகிவிட்டது.

"என்னம்மா, வந்துட்டாரா?"

"உட்காருங்க பெரியம்மா, இன்னும் வரலை!" திரையை முதுகால் மறைத்தாள்.

நாளைக்குப் பந்தலில் படத்தை மூடிய துணியை விலக்கினால் வெறும் சட்டம்தானா? அப்போதுதான் பொறி தட்டியது. இது அச்சகத்துப் படம். அச்சு மை நாலுக்கும் எவ்வளவென்று வைத்த கணக்கைப் புரோகிராம் திரை வெளிச்சத்தின் கணக்காக எடுத்துக்கொண்டிருக்கிறது. அதுதான் கறுப்பு வெளுப்பாகி, வெளுப்பு கறுப்பாகியிருக்கிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, நிறங்களைத் தலைகீழாக்கும் கட்டளையைத் தட்டினாள். ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். மாநிறத்தில், கறுத்த தலையோடு அமிர்தலிங்கம் சிரித்தார்.

ரெங்கம்மாள் கிட்டே வந்து பார்த்தாள்.

"இவரு தேர்தலுக்காகச் சாயம் அடிச்சுக்கிட்டு நின்ன ஆளு. முதல்ல தலை வெளுத்து ஒருத்தர் வந்தாரே, அவருதான் எங்க வீட்டு ஆளு."

"பாத்துட்டீங்களா?"

"உன் முதுகு என்ன மதகுப் பலகையா, மறைக்கிறதுக்கு?"

"பயமா இல்லீங்களா?"

"அந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு ஆயுசு முழுக்கக் குப்பை கொட்டியிருக்கேன். அவரு தலைமுடியை எடுத்து இந்த மூஞ்சியில வை."

வேறு வழியில்லை. மதிவதனி பேயைத் திரும்ப வரவழைத்தாள். பெரிதாக்கி, வெள்ளைத் தலையை ஓரம் ஓரமாக வெட்டினாள். ரெங்கம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மீசையும் நரைதான். விட்டுடாத."

மீசைக்குக் கீழே அந்தக் கறுத்த பற்கள். மதிவதனி இந்த முறை கண்ணை மூடாமல் மவுஸைக் கீழே நகர்த்தினாள்.