ஃபில்டரில் பதிந்த விரல்

2019 பிப்ரவரி 9: பல் மருத்துவமனையின் எக்ஸ்ரே பணியாளர் ஒருவரின் மனைவி காலமானார். மார்ச் 2: அவர் மொட்டைமாடியிலிருந்து ஓரியன் நெபுலாவைப் படமெடுத்தார். படத்தின் ஓரத்தில் மங்கலான வளைவு ஒன்று தெரிந்தது. கேமராவைத் திருப்பி மீண்டும் எடுத்தார். வளைவும் கூடவே திரும்பியது. ஆக, அது வானத்தில் இல்லை. கேமராவின் ஃபில்டர் கண்ணாடியில் பதிந்த கட்டைவிரல் தடம். ஃபில்டரை மாட்டுவது எப்போதும் மனைவியின் வேலை.

இரண்டாண்டுகள் அவர் அதன்மேல் துணி படவிடவில்லை.

ஒருநாள் மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “இவ்ளோ அழுக்கை வச்சுக்கிட்டுத்தான் வானத்தை அளக்குறீங்களாக்கும்! பளிச்சுனு துடைச்சு வச்சுட்டேன்ப்பா.”

“அது உங்கம்மா கைரேகைம்மா.”



அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி அந்த வளைவைத் தேடினார். துடைத்தபின் எடுத்த படங்கள் நாற்பது. அதே வளைவு இருப்பது அவற்றுள் ஒன்றில் மட்டும்.