சூரியன் பேர் வைத்த துணி

பிரான்சின் லியோன் நகரத்து மேட்டுத் தெருவில் பட்டு நெய்பவர் குளோதியுஸ். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பட்டா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்பது அவருடைய ஜம்பம். எதிர்வீட்டு விதவை பெனுவாத், மரக்கூழிலிருந்து எடுத்த ரேயான் நூலை நெய்ய ஆரம்பித்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. ரொட்டிக் கடையில் எல்லார் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"ரேயோன்னா நம்ம பேச்சுல சூரியக் கதிரு. அதுலேருந்து ரேயான்னு பேர் வச்சுட்டாங்களாம், மரக்கூழுக்கு! ஏம்மா, உன் தறியில எந்தப் பக்கம் சூரியன் உதிக்குது?"

கடையே சிரித்தது. பெனுவாத் ரொட்டியைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

வசந்தத்தில் அவர் மகள் பிளோரிக்குக் கல்யாணம். கோயில் வாசலில் அவளுடைய வெள்ளைச் சால்வையை வருடியபடி, "பாருங்கய்யா மினுமினுப்ப! இதான் பட்டு!" என்று முழங்கினார்.

"அப்பா, மெதுவா," என்றாள் பிளோரி. "இது ரேயான். பெனுவாத் அத்தை நெய்து குடுத்தாங்க."

பக்கத்திலேயே நின்ற பெனுவாத்துக்கு எல்லாம் கேட்டிருந்தது. பழி தீர்க்கப் போகிறாள் என்று குளோதியுஸ் தலைகுனிந்து காத்திருந்தார். அவளோ வானத்தைப் பார்த்தாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. நனையாம பாத்துக்கம்மா, ஈரம் பட்டா இந்தத் துணி தாங்காது."

அந்த நேர்மையில் அவர் கூசிப்போனார். தன் கோட்டைக் கழற்றி மகளின் தோளில் போர்த்தினார். விருந்தில் பெனுவாத்துக்கு அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா," என்றார். முதல் ரொட்டியை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.