சந்தியில் இறக்காத பெட்டி

எங்கள் டவுனில் அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொள்ளப் பிரதேச சபையின் அறிவிப்புப் பலகையைப் பார்க்க வேண்டியதில்லை. என் கடைக்கு வந்தால் போதும். கொடி, தோரணம், பேனர் விற்கிற கடை. வெசாக் வருகிறது என்றால் பௌத்த கொடிக்கு ஆள் வந்துவிடும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, ரத்ததான முகாம், டெங்கு சிரமதானம், பௌத்த விகாரையின் பெரஹரா ஊர்வலம், தோட்டத்துக் கோயில் திருவிழா என்று எல்லாமே முதலில் என் மேசைக்கு வந்துவிட்டுத்தான் ஊருக்குப் போகும். சாவு ஒன்றுதான் சொல்லாமல் வரும். அதற்கும் ரோட்டோரம் கட்டுகிற வெள்ளைக்கொடி என்னிடம்தான்.

தெஹியோவிட்ட பக்கம் சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள் உள்ள சின்ன டவுன் இது. கடைக்காரர்கள் சங்கத்துக் கமிட்டியில் நான் ஒருவன்தான் தமிழன். அதைச் சொல்லிக்கொண்டு திரிவதில் எனக்கு ஒரு மிதப்பு. மேடை போட்டால் தமிழில் வரவேற்புரை சொல்லக் கூப்பிடுவது என்னைத்தான். என் சிங்களத்தைக் கேட்டுவிட்டு, “உன்னைத் தமிழன் என்று யாரும் சொல்ல முடியாது” என்று சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன். தோட்டத்து ஆட்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், நாங்கள் வியாபாரத்துக்கு வந்தவர்கள், அவர்கள் வேறு என்று ஒரு வார்த்தையைச் செருகாமல் விடமாட்டேன். யாரும் கேட்காமலே செருகுவேன்.

போன வருஷம் புது பஸ் ஸ்டாண்ட் திறப்பு விழா வந்தது. பழைய பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கினால் பாதி முதுகு நனையும். அதனால் ஊரே இந்தத் திறப்பு விழாவுக்குக் காத்திருந்தது. கொழும்பிலிருந்து பெரிய ஆள் ஒருவர் வருவதாக ஏற்பாடு. நான் வரவேற்புரையை எழுதி, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் அப்படி ஒரு கூத்து.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் மேல் தோட்டத்துக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர். என் வயதுதான் இருக்கும். கோயில் வேலைக்கெல்லாம் முன்னால் நிற்கிற மனிதர் என்பதால் முகம் பழக்கம். வந்தவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மொதலாளி, வெள்ளக்கொடி வேணுங்க. நம்ம வீட்டுல தவறிட்டா.”

மனைவி. அவிசாவளை ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாளாகக் கிடந்திருக்கிறார். நாளைக்கே எடுப்பதாகச் சொன்னார். சந்தியிலிருந்து தோட்டத்து வீட்டு வரிசையான லயம் வரைக்கும் கட்ட வேண்டிய கொடியை எடுத்துக் கொடுத்தேன். போகும்போது, “கட்டாயம் வந்துருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். வருகிறேன் என்றேன். அந்த நேரத்தில் நிஜமாகவே போக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அந்தத் தோட்டத்து மயானம் மெயின் ரோட்டைத் தாண்டி ஆற்றோரத்தில் இருக்கிறது. அதனால் ஊர்வலம் தோட்டத்துப் பாதையில் இறங்கி, பஸ் ஸ்டாண்ட் சந்திக்கு வந்து, அங்கிருந்து டவுன் வழியாகப் போகும். சந்தியில் பெட்டியைக் கீழே இறக்குவார்கள். ஒரு சுற்றுச் சுற்றி, தலைமாடு கால்மாடு மாற்றி, மறுபடி தூக்குவார்கள். செத்தவர் வீட்டுக்கு வழி தேடித் திரும்பக் கூடாது என்பதற்காகச் செய்வது. அது வரைக்கும் கூட வரும் பெண்கள் அங்கேதான் கடைசியாக முகம் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். தோட்டத்தில் எத்தனையோ மாறிவிட்டது, இது மாறவில்லை. சந்தியில் இறக்காமல் கொண்டுபோனால் முறையாக அனுப்பி வைத்ததாகவே அவர்கள் நினைக்கமாட்டார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப வழியில்லை.

அவர் போன பிறகு, சாவுச் செய்தியைக் கேள்விப்பட்டு எங்கள் சங்கத் தலைவர் போன் பண்ணினார். ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற சிங்களவர், என்னை மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார்.

“மல்லி, ஹெட்ட கீயட்டத அரன் யன்னே? அஹலா கியன்னகோ.”

நாளைக்கு எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், கேட்டுச் சொல். அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் பெரிய ஆள் வரும் நேரத்தில் தப்பு மேளம் அடித்துக்கொண்டு ஒரு பிணம் மேடைக்கு முன்னால் போகப்போகிறது, அதுவும் தமிழ்ப் பிணம், கமிட்டியில் இருக்கிற தமிழன் நான், இது என் தலையில் வந்து விடியும் என்று என் மனசு தானாகவே கணக்குப் போட்டுவிட்டது. “ப்ரஸ்னயக் நே, மம பலாகன்னங்” என்றேன். பிரச்சினையில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் சரி என்று வைத்துவிட்டார். பார்த்துக்கொள்வதற்கு அங்கே என்ன இருந்தது? மணி என்ன என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

காலையில் ஓட்டோவில் லயத்துக்கு ஏறினேன். வழி நெடுக என் கடைக் கொடி. வாசலில் தார்ப்பாய் கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அந்த மனிதர் எழுந்து வந்து, தோளில் கிடந்த துண்டால் ஒரு நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார். பிளேன்டீ வந்தது. டவுன் மொதலாளி எவ்வளவு வேலைக்கு நடுவில் வந்திருக்கிறார் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் நான் பேசினேன்.

“இன்னைக்கு டவுன்ல விழா இருக்கு, தெரியுந்தானே. பெரிய ஆள் வர்றாரு. அந்த நேரத்துல ரோட்டு வழியா போனா டவுன்காரங்களுக்கு எடஞ்சலா இருக்கும்னு நெனைக்கிறாங்க. ரப்பர் மலை வழியா ஆத்துக்கு எறங்கிட்டா நல்லது.”

நினைக்கிறாங்க. யார் நினைத்தார்கள்? நினைத்தது நான் ஒருவன்.

அவர் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப சந்தியில எறக்க முடியாதுங்களா?”

“பெரட்டுக்களத்துல எறக்கிக்கலாமே. எல்லாம் ஒன்னுதானே” என்றேன். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற இடம் அது. வாழ்நாள் முழுக்க விடியற்காலையில் போய் நின்ற அதே இடத்திலேயே அந்தப் பெண்ணைச் சுற்றி அனுப்பச் சொல்கிறேன். எல்லாம் ஒன்றுதானாம்.

உள்ளே இருந்து அவருடைய அக்கா வெளியே வந்தார். “அது எப்புடிங்க? எங்க ஆத்தாவ, அப்பன, எல்லாரையும் சந்தியில எறக்கித்தானே கொண்டுபோனோம். இவ என்ன பாவம் பண்ணுனா?” என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டார். அன்றைக்கு அங்கே நியாயம் பேசிய ஒரே ஆள் அந்த அம்மாதான். தம்பி அவரைக் கையமர்த்தினார்.

“சும்மா இருக்கா. மொதலாளி தெரியாமலா சொல்றாரு? நம்மள நாலு பேரு முன்னால ஏச்சு வாங்க விடக்கூடாதுன்னுதான் ஓடி வந்திருக்காரு.”

எனக்கு அப்போதே வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தை விட அவசரம் பெரிதாக இருந்தது. நான் ஒன்றும் கேட்காமலே, சந்திப் பக்கத்துக் கொடிகளைக் கழற்ற ஆள் அனுப்பினார்கள். நான் திரும்பி இறங்கும்போது மழை தூறத் தொடங்கியிருந்தது.

விழாவுக்கு வர வேண்டியவர் நேரத்துக்கு வரவில்லை. அவர் என்றைக்கு நேரத்துக்கு வந்தார்? பப்பரே வாத்தியக்காரர்கள் வாசித்துக் களைத்து ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். ரோடு வெறிச்சென்று கிடந்தது. கூட்டத்தைச் சமாளிக்க என்னைப் பேச விட்டார்கள். நானும் புதுச் சட்டையோடு மேடையேறி, இன மத வேறுபாடின்றி நாம் எல்லோரும் இந்த ஊரின் மக்கள் என்று கண்ணாடி முன்னால் பழகியதை ஒப்பித்தேன். கைதட்டினார்கள். இறங்கி வரும்போது ரப்பர் மலைக்குள்ளிருந்து தப்புச் சத்தம் கேட்டது. விட்டு விட்டு, அடக்கி அடித்த சத்தம்.

தலைவர் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பினார். எங்கே, இன்னும் சந்திக்கு வரவில்லையே என்றார். பொலிஸ்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறாராம், பெட்டி வரும்போது இரண்டு பக்கமும் வாகனத்தை நிறுத்த. வாத்தியக்காரர்களிடமும் சொல்லியாகிவிட்டது, அந்த நேரம் சத்தம் கூடாது என்று. யார் பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு எல்லோரும் எழுந்து நிற்பது என்று முடிவு செய்திருக்கிறார். அதற்காகத்தான் நேரம் கேட்டாராம். நான் நேரம் சொல்லவில்லை என்பதால் காலையிலிருந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மலை வழியாக அனுப்பிவிட்டேன் என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். புரியாமல் பார்த்தார். “ஏன்?” என்றார். “ரோடு இருக்கிறதே, ஏன்?” நான் என்னென்னவோ சொன்னேன். விழா, மரியாதை, இடைஞ்சல். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, “நான் மணிதானே கேட்டேன், மல்லி” என்றார். அதோடு சரி. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

மேடையை விட்டுவிட்டு ஆற்றோரத்துக்கு ஓடினேன். குழி மூடியாகிவிட்டது. பெட்டி தூக்கி வந்தவர்கள் முழங்கால் வரைக்கும் சேறாக நின்றார்கள். ஒருவர் முழங்கையில் ரத்தம். அந்த மனிதர் என்னைப் பார்த்ததும் மற்றவர்களை விலகச் சொல்லி எனக்கு வழி விட்டார்.

“விழாவ விட்டுட்டு வந்துட்டீங்களே. ஒன்னும் கொறையில்லைங்க. தண்ணி ஓடுற கான் தாண்டுற எடத்துல மட்டும் வழுக்கி, பெட்டி கொஞ்சம் சரிஞ்சிருச்சு. புடிச்சுட்டோம்.” பிறகு கேட்டார்: “டவுன்காரங்களுக்கு எடஞ்சல் ஒன்னும் இல்லையே?”

இல்லை என்றேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இது போன வருஷத்துக் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வாரம் அதே மனிதர், கோயில் கமிட்டியின் சார்பில், திருவிழா பேனர் அடிக்க விபரம் கொண்டு வந்தார். ஒவ்வொரு வருஷமும் அம்மன் தேர் சந்திக்கு இறங்கி வரும். கடைக்காரர்கள் எல்லோரும் தேங்காய் உடைப்போம். தலைவர் தன் கடை வாசலில் பந்தல் போட்டு, தேரோடு வருகிறவர்களுக்குச் சர்பத் கொடுப்பார். இந்த முறை விபரத்தில் டவுன் ஊர்வலமே இல்லை. விட்டுப்போச்சா என்று கேட்டேன்.

“இல்லைங்க. இந்த வருஷம் சாமிய மேலயே சுத்தி எறக்கிடலாம்னு பேசி முடிச்சிட்டோம். பொணத்தையே வேணாம்னவங்க கிட்ட தேரக் கொண்டுபோய் எதுக்குங்க நிப்பாட்டணும்? நாங்க என்ன மானம் கெட்டவங்களா?”

அவர் குரல் உயரவில்லை. இத்தனை மாதமாக லயம் முழுக்க அதைப் பேசியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, தலைவர் மணிதான் கேட்டார், எழுந்து நிற்கக் காத்திருந்தார்கள், நான்தான் என் பயத்துக்கு உங்களை மலையில் ஏற்றி இறக்கினேன் என்று சொன்னேன்.

அவர் நான் முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் கையைத் தொட்டார்.

“விடுங்க மொதலாளி. அவங்க பழிய நீங்க எதுக்கு ஏத்துக்கிறீங்க? நீங்க அவங்களோடதான் பொழைக்கணும். எங்களுக்கு வெளங்குது.”

அவர் நம்பவில்லை. அது தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தலைவரைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போனால் போதும். அவர் கூப்பிட்டவுடன் வருவார். அவர் வாயால் கேட்டால் நம்புவார்கள், தேரும் சந்திக்கு வரும். அதன் பிறகு எனக்கு அங்கே நாற்காலி துடைத்துப் போட யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நேற்றும் தலைவர் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனேன். சர்பத்துக்கு ஐஸ் எவ்வளவு சொல்லி வைக்கலாம் என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.